ஆறாம் எண் இருக்கையில் அமர்ந்தவர் குறித்து

அனுப்புநர்
லா. ஜாக்குலின்,
த/பெ லாசர்,
மாதா கோயில் தெரு,
மல்லசமுத்திரம்,
திருச்செங்கோடு வட்டம்,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
திருச்செங்கோடு.

பொருள்: கணினிச் சான்றிதழ்த் தேர்வில் என் இருக்கையில் வேறொருவர் அமர்ந்தது – என் பிறப்பையும் என் அக்காவின் இறப்பையும் பதிவு செய்யக் கோருவது – 10.11.2025 அன்று என் பெயரில் தரப்பட்ட மனுவின் மீது நடவடிக்கை வேண்டாம் என வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கோவையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதிய மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் தொழில். பேய், பிசாசு என்று எழுதித் தங்கள் நேரத்தை வீணாக்கும் ஆள் நான் அல்ல. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

2. கிளவுட் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வில் 30.11.2025-க்குள் தேர்ச்சி பெறாதவர்களை வேலையிலிருந்து நிறுத்துவதாக எங்கள் நிறுவனம் ஆகஸ்டு மாதம் அறிவித்தது. எங்களுக்குப் பக்கத்தில் சேலத்தில் ஒரே ஒரு தேர்வு மையம்தான். அதில் எட்டு கணினிகள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்பதிவு திறக்கும், மூன்று நிமிடத்தில் எல்லா இருக்கையும் தீர்ந்துவிடும். ஐந்து செவ்வாய்க்கிழமைகள் லேப்டாப்பையும் செல்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயன்றேன். திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஏறுவது இதைவிட எளிது.

3. ஆறாவது வாரம், 14.10.2025 அன்று, திரையில் ஒரு செய்தி வந்தது: ‘தங்களுக்கு ஏற்கெனவே இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. 03.11.2025, காலை 10 மணி, இருக்கை எண் 6.’ உதவி மையத்தை அழைத்தேன். என் பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் பொருந்துகின்றன என்றார்கள். ஏதோ அவசரத்தில் நானே பதிவு செய்து மறந்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டேன். கிடைத்த இருக்கையை எதற்குக் கிளற வேண்டும் என்றும் இருந்தது. அது என் தவறு.

4. தேர்வன்று 9.20-க்கு மையத்தை அடைந்தேன். வாசலில் இருந்த காவலர் உஷாராணி என்பவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “நீங்க அப்பவே உள்ளார போயிட்டீங்களேங்க. மறுக்கா எப்படிங்க வெளிய வந்தீங்க?” என்று கேட்டார். வருகைப் பதிவேட்டில் 9.05-க்கு என் கையொப்பம் இருந்தது. கேமராவில் எடுத்த படத்தில் என் முகம் இருந்தது. இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு, எனக்கு அது கிடையாது. கண்காணிப்பாளர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆறாம் எண்ணில் ஆள் இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டார். படத்தை என் செல்போனில் எடுத்துக்கொண்டு பன்னிரண்டரை வரை வாசலிலேயே நின்றேன். அந்த மையத்துக்கு வேறு வழி இல்லை. பதிவேட்டில் எட்டு கையொப்பங்கள். வெளியே வந்தவர்கள் ஏழு பேர்.

5. 12.40-க்கு என் மின்னஞ்சலுக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் வந்தது. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது. நான் எழுதியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அதை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் காலை அலுவலகக் கணக்கில் என் கடவுச்சொல் செல்லவில்லை. அன்று முடிக்க வேண்டிய வேலையை நான் எட்டு மணிக்கே முடித்துவிட்டதாக மேலாளர் என் செல்போனுக்குப் பாராட்டி எழுதியிருந்தார். அதன் பிறகுதான் பயந்தேன்.

6. படத்தை என் தாயார் சகாயம்மாளிடம் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். “இது மூத்தவ, சாமி. வாசப்படியில உழுந்த தழும்பு,” என்றார். எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். 1999 ஜனவரியில் பிறந்து, பதினான்கு மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் பெயரும் ஜாக்குலின். மறு வருடம் நான் பிறந்ததும், போன பிள்ளையே திரும்பி வந்ததென்று அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். எங்கள் குடும்பங்களில் இது வழக்கம்தான். வருடந்தோறும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளில், என் பெயர் எழுதிய சிலுவைக்கு நானே மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறேன். இந்த ஆண்டும், தேர்வுக்கு முந்தின நாள், நல்லபடியாக எழுத வேண்டும் என்று அங்கே மண்டியிட்டு வேண்டிக்கொண்டுதான் வந்தேன்.

7. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலையாக இப்போது சத்தீஸ்கரில் இருக்கும் என் தகப்பனாரைப் போனில் கேட்டேன். என்னைப் பள்ளியில் சேர்த்தபோது பிறப்புச் சான்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்தது அக்காவுடைய சான்று ஒன்றுதான். நான் வீட்டிலேயே பிறந்தவள், எனக்கு யாரும் வாங்கவில்லை. “பேரு ஒண்ணு, அப்பன் பேரு ஒண்ணு. ரெண்டு பேரும் ஒண்ணுதானேன்னு குடுத்துட்டேன் சாமி,” என்றார். என் பள்ளிச் சான்று, பட்டம், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாமே அந்தத் தாளின் மேல் எழும்பியவை. அக்காவின் இறப்பையும் ஒருவரும் பதியவில்லை. ஆகவே, ஐயா, அரசுப் பதிவேடுகளின்படி அவள் இறக்கவில்லை. நான் பிறக்கவே இல்லை.

8. இதைச் சரிசெய்ய மனு எழுதி, தாயாரிடம் கையொப்பம் கேட்டேன். “இத்தன வருசங் கழிச்சு அவள மறுக்கா சாவடிக்கச் சொல்றயா?” என்று அழுதார். சரி, கையொப்பம் இல்லாமலே கொடுப்போம் என்று 10.11.2025 திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தபால் பிரிவில் இருந்தவர், “காலைலயே குடுத்துட்டுப் போனீங்களேங்க,” என்று கோப்பைத் திறந்து காட்டினார். 1999-ல் பிறந்த தான் நலமாக இருப்பதாகவும், 2001-ல் பிறந்த தன் தங்கையின் இறப்பைப் பதிவு செய்து தருமாறும் அதில் கண்டிருந்தது. கையெழுத்து என்னுடையது. இறந்த தேதி என்ற இடத்தில் 30.11.2025 என்று இருந்தது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று அவர் சிரித்தார். மனு கையால் எழுதப்பட்டிருந்தது.

9. அந்த மனுவில் என் தாயாரின் கையொப்பம் இருக்கிறது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். “வெடியால வந்து நீதான சாமி கேட்ட? நீ அழுவறது பொறுக்காமத்தான் போட்டுக் குடுத்தேன்,” என்றார். அன்று காலை நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை, அழவுமில்லை. விஷயம் புரிந்ததிலிருந்து அவர் பேனாவைத் தொட மறுக்கிறார். எதில் போட்டாலும் ஒரு பிள்ளை போய்விடும் என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

10. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, 10.11.2025 தேதியிட்ட மனுவை நிறுத்தி வைத்து, என் பிறப்பையும் என் அக்காவின் இறப்பையும் ஒரே ஆணையில், ஒரே நாளில், இம்மாதம் முப்பதாம் தேதிக்கு முன் பதிவு செய்ய உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் இறப்பை மட்டும் முதலில் பதிந்தால், அதே சான்றுகளில் நானும் இறந்தவளாகிவிடுவேன். என் பெயரில் ஒரு தாள் கைக்கு வந்தால் போதும், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு உட்கார்ந்து எனக்கான இருக்கையை நானே பிடித்துக்கொள்வேன். அந்தத் தேர்வை நான் எழுத வேண்டும்.

11. அவளிடம் எல்லாச் சான்றுகளும் உள்ளன. என்னிடம் இருப்பது பங்குக் கோயில் ஏட்டின் நகல் ஒன்றே: அவளுடைய அடக்கமும் என்னுடைய ஞானஸ்நானமும் அடுத்தடுத்த பக்கங்களில் உள்ளன. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் தாளில் நான் வாழ்ந்திருக்கிறேன். ஆனால் நானும் வாழ வேண்டும், ஐயா. விசாரணைக்கு எங்கள் இருவரையும் அழைப்பதாக இருந்தால், தயவு செய்து என்னை முதலில் அழையுங்கள். இதுவரை எல்லா இடத்துக்கும் அவளே எனக்கு முன்னால் போயிருக்கிறாள்.

இணைப்பு: பங்குக் கோயில் ஏட்டின் நகல் – 1, தேர்வு மைய வாசலில் எடுத்த படம் – 1.

இடம்: மல்லசமுத்திரம்
நாள்: 12.11.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
லா. ஜாக்குலின்
(இளையவள்)