தூக்கிப் போட்டால் தோற்போம் என்றாய்

அண்ணே,

விடிந்ததிலிருந்து ஒரே சுண்ணாம்பு வாடை. மைதானத்துக்குக் கோடு போடுகிறார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் உன் படம் போட்ட பேனர். உன் பெயரில் கோப்பையாம், இன்றைக்கு இறுதி ஆட்டமாம். 'கால்பந்தின் கண்மணி' என்று எழுதியிருக்கிறார்கள். கண்மணியாம் கண்மணி! உயிரோடு இருந்தவரை உன்னை அங்கே கால் வைக்கவிடாதவர்கள்.

படகில் வழுக்கி விழுந்து முட்டி போன பிறகு நீ ஆடவில்லை. ஆனால் ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். அந்த அரையிறுதிக்கு முந்தின நாள் டீக்கடையில் எல்லோரும் நம் அணியை இறுதி ஆட்டத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அதுவரை கோல் கோலாக அடித்திருந்தோம், அந்தத் திமிர். நீ மட்டும் சொன்னாய்: "எத்தனை கோல்னு பாக்காதீங்கப்பா, எப்படி அடிச்சோம்னு பாருங்க. எல்லாம் ஓரத்துலேருந்து தூக்கிப் போட்டுத் தலையால முட்டுனது. நாளைக்கு வர்ற தஞ்சாவூர்ப் பசங்கள்ல பின்னாடி நிக்கிற ரெண்டு பேரும் தென்னமரம் ஒசரம். தூக்கிப் போட்டா தோத்துருவோம். தரையோட உருட்டிப் பூந்தாத்தான் உண்டு."

சிரித்தார்கள். மறுநாள் தூக்கித் தூக்கித்தான் போட்டார்கள். அந்த இரண்டு பேரும் நின்ற இடத்தில் நின்றபடி முட்டித் தள்ளினார்கள். கடைசியில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம்.

பழி யார் மேல் விழ வேண்டும்? பந்தைத் தூக்கிப் போட்டவன் மேலா, போடச் சொன்னவன் மேலா? உன் மேல் விழுந்தது. "கருநாக்குப் பய வாய வச்சான், வெளங்கல" என்றார் கால்பந்துக் கழகச் செயலாளர். மழை வரும் என்று சொன்னவனா மழையைக் கொண்டுவந்தான்? யாருமே கேட்கவில்லை, அண்ணே. உன்னோடு ஒரே பந்தை உதைத்தவர்கள்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். எவ்வளவு மரியாதை! "தங்கச்சி, அண்ணன இன்னைக்கு கிரவுண்டு பக்கம் வர வேணாம்னு சொல்லுங்க. தப்பா நெனைக்காதீங்க." நீ இந்த மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிப் பார்ப்பாய். யார் ஓரத்தில் ஓடுவான், எவனுக்கு இடக்கால் வராது என்று என் காதோடு சொல்லித் தருவாய். முடிவை மட்டும் சொல்ல மாட்டாய். "நீயே சொல்லு புள்ள, என் வாயால வேணாம்."

ஊர் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. நீயும் அதை நம்பினாயே, அதுதான் ஆறவில்லை. வலையில் மீன் விழுமா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வாய். என் மகள் பரீட்சைக்குப் போகும்போது கொல்லைப்பக்கம் போய் நிற்பாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "நெஞ்சு வலி ரொம்ப நாளா இருந்திருக்கே, ஏன் சொல்லல?" நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "சொன்னா நடந்துருமோன்னு இருந்துச்சு." பாவி, சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயே!

இன்று காலை அதே செயலாளர் வந்தார். மேடையில் நான்தான் கோப்பை கொடுக்க வேண்டுமாம். கிளம்பும்போது சும்மா ஒப்புக்குக் கேட்டார், "அண்ணன் இருந்தா இன்னைக்கு என்ன சொல்லிருப்பாரு?"

இன்று நம்மோடு மோதுகிற குடவாசல் பையன்கள் அரையிறுதி ஆடியதை மாடியிலிருந்து பார்த்தவள் நான். சொன்னேன்: "நம்ம பசங்க கோல் அடிக்கிற வெறியில மொத்தமா மேல ஏறிடுறாங்க. அவனுங்க பதுங்கி நிக்கிறவனுங்க. பந்து கெடச்சா நீளமா ஒரே ஒதை, முன்னாடி நிக்கிற அந்த ஓட்டக்காரன் ஒருத்தன் போதும். ரெண்டு பேரப் பின்னாடி நிறுத்தலேன்னா கோப்பை குடவாசலுக்குத்தான்."

மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், போன் வந்துவிட்டது. "தங்கச்சி, வெயிலு ஜாஸ்தியா இருக்கு. நீங்க வீட்லயே இருங்க. கோப்பைய வேற யாராவது குடுத்துக்கட்டும்."

சிரிப்பதா அழுவதா, அண்ணே? உன் பெயரில் கோப்பை, உன் தங்கைக்கு இடமில்லை!

இப்போது மைக்கில் உன்னைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். நான் மாடியில்தான் இருக்கிறேன். தொட்டிக்குப் பின்னால் இல்லை, எல்லோருக்கும் தெரிய முன்னால் நிற்கிறேன். நேற்று இடுப்பு வலித்தது. வலிக்கிறது என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன். விசில் ஊதிவிட்டார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் மேலே ஏறுகிறார்கள்.

"பின்னாடி ஆளே இல்லடா!" என்று கத்துகிறேன். கீழே தலைகள் திரும்புகின்றன. திரும்பட்டும். நீ மூடிக்கொண்ட வாய்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் மூடுவதாக இல்லை.