பன்னிரண்டு மாசிகமும் ஒரு விசாவும்

என் பிரியமான அப்பாவுக்கு,

இன்று உங்களுக்கு மூன்றாம் வருஷத் திதி. வாத்தியார் இப்போதுதான் கிளம்பிப் போனார். காரியம் பாதியில் இருக்கும்போது நான் ஆசனத்தை விட்டு எழுந்துவிட்டேன். வேறு யாராவது உங்களிடம் வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் மாட்டுப்பெண் செய்தி. இங்கிலாந்தில் மீனா வேலை பார்த்த முதியோர் இல்லத்துக்கு, வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் அனுமதி ரத்தாகிவிட்டது. தப்பு செய்தது நிர்வாகம், கடிதம் வந்தது மீனாவுக்கு. அறுபது நாளில் வேறு முதலாளியைப் பார்த்துக்கொள், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பு என்று. நாற்பத்தொன்பது நாள் போய்விட்டது. எத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டாள் என்பது அவளுக்கே நினைவில்லை. பாதிப் பேர் பதில்கூடப் போடவில்லை.

லண்டன் பார்லிமென்ட் சண்டையை, உங்களுக்கும் அங்கே ஓட்டு இருப்பதுபோல் வரி விடாமல் படிப்பீர்களே, நான் கிண்டல் செய்வேனே, இப்போது அந்த வியாதி எனக்கு வந்திருக்கிறது. ஆபீஸில் ஃபைலுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று ஆளுங்கட்சி சொல்கிறது, எதிர்க்கட்சியும் அதையே சொல்கிறது. யார் கூடுதல் கறார் என்பதில்தான் போட்டி. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து இனி ஆள் எடுப்பதில்லை என்று கதவைச் சாத்தியாயிற்று. நிரந்தரமாகத் தங்குவதற்கு ஐந்து வருஷம் என்று இருந்ததை, மீனா மாதிரி ஆட்களுக்குப் பதினைந்து ஆக்கவேண்டும் என்கிறார்கள். உங்கள் பேத்தி அம்முவுக்கு இப்போது ஏழு வயது. கூட்டிப் பாருங்கள் அப்பா.

மீனா அங்கே ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்து, சட்டை மாட்டிவிடுவாள். டிவியில் இந்தப் பேச்சு வந்தால் அவர் கை தட்டுவாராம். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன்னைச் சொல்லலை, மத்தவங்களைத்தான்” என்பாராம். நல்ல மனுஷர்தான், பிறந்தநாளுக்கு அவளுக்குச் சாக்லேட் வாங்கிவைத்தவர். “அந்த மத்தவா யாருன்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்லை” என்று மீனா என்னிடம் சொன்னாள். எனக்கும் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் அவர்கள் மட்டும்தானா? அப்படிச் சொல்லிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

நீங்கள் காலமான அதே மாதம்தான் மீனாவுக்கு அங்கே வேலை உறுதியாயிற்று. அன்றைய சட்டப்படி புருஷனும் குழந்தையும் கூடவே போகலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? “மணி, நான் போயிட்டா ஒரு வருஷத்துக்கு அவளைப் பிடிச்சு வெச்சுண்டு இருக்காதே. மூணு பேருமா கிளம்பற வழியைப் பாரு.” நான் தலையை ஆட்டினேன். பதிமூன்றாம் நாள் முடிந்ததும் சித்தப்பா வந்தார். முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடியாமல், காரியம் செய்கிற பிள்ளை கடல் தாண்டக்கூடாது, மாசாமாசம் மாசிகத்துக்கு மடியாகச் சமைக்க மாட்டுப்பெண் வேண்டாமா என்றார். வாத்தியாரும் ஆமாம் என்றார். மீனா என்னிடம், “நான் மட்டும் முன்னாடி போய், விசாவைக் கையில வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள். “இரு, அப்பா காரியம் முடியட்டும்” என்றேன்.

இருந்தாள். பன்னிரண்டு மாசிகத்துக்கும் ஈரப்புடவையோடு நின்று சமைத்தாள். அது முடிவதற்குள் அங்கே சட்டம் மாறிவிட்டது. இனிமேல் வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வரக்கூடாது. சட்டம் மாறுவதற்கு முன் போனவர்களுக்கு அந்தத் தடை இல்லை. நம் தெருக்கோடி வீட்டுப் பெண் அப்படித்தான் புருஷன், குழந்தையோடு இருக்கிறாள். மீனா தனியாகப் போனாள்.

இன்று அடுப்படியில் மீனா இல்லை. கிழக்கேகோட்டையிலிருந்து ஒரு சமையல் மாமி வந்து எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் முடித்துவைத்தாள். வாத்தியார் திருப்தி என்றார். சித்தப்பா இன்னொரு தடவை எள்ளுருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு குறையும் வரவில்லை அப்பா. நான் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகவா மீனாவை ஒரு வருஷம் நிறுத்திவைத்தேன்?

பிண்டம் வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. மீனா. அங்கே விடிந்துகொண்டிருக்கும். வாத்தியார் மந்திரத்தை நிறுத்தாமல் கையால் உட்காரு என்று காட்டினார். நான் தர்ப்பைப் பவித்திரம் போட்ட விரலோடு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். கடைசியாக நம்பியிருந்த இடமும் இல்லை என்று சொல்லிவிட்டதாம். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: “நான் வந்துடட்டுமா? வந்தா மறுபடி போக முடியாதே.”

இரு, இது முடியட்டும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது அப்பா. உள்ளே சித்தப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வந்துடு” என்றேன்.

சரி செய்தேனா, கடைசி வாசலையும் நானே அடைத்துவிட்டேனா? இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இருக்கச் சொல்லியிருந்தால் ஏதாவது கிடைத்திருக்குமோ? கேட்கலாமென்றால் நீங்கள் இல்லை.

அம்முவிடம் சொன்னேன். மலையாள ஸ்கூலில் படித்துப் படித்து, அவளுக்கு இப்போதெல்லாம் வாயில் மலையாளம்தான். அம்மா கூப்பிட்டால்கூட, “பின்னே சம்சாரிக்காம்” என்று பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டு ஓடிவிடுவாள். ஸ்கூல் பையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அம்ம வந்தா எத்ர திவசம் இருக்கும்?” என்று கேட்டாள். எத்தனை நாள் இருப்பாள் என்று, விருந்தாளியைக் கேட்பதுபோல.

உங்களுக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அடுத்த வருஷம் உங்கள் திதிக்கு மீனா அடுப்படியில் நிற்கமாட்டாள். யார் என்ன சொன்னாலும் சரி, உங்கள் பெயரைச் சொல்லி அவளிடம் இனி ஒருநாளும் ‘இரு’ என்று சொல்லமாட்டேன்.

அன்று நீங்கள் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டிய
உங்கள் மூத்த பிள்ளை,
மணி