திரும்பி ஓடிய பிண்ணாக்குத் தண்ணீர்

காஜா பேராங், மலாக்கா
20-7-1958

என் செல்ல மகள் சந்திரமதிக்கு, அம்மா கமலவேணி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் வீடும் செடிகொடிகளும் சுகம். அங்கே லீட்ஸில் நீயும், உன்னோடு தங்கியிருக்கிற பெண்களும், உன் கையால் ஊசி போட்டுக்கொள்கிற வெள்ளைக்காரச் சனங்களும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் இந்த மாதம் ஏழாம் தேதி திங்கட்கிழமை வந்தது. நீ நர்ஸ் பரீட்சையில் தேறிய செய்தியைப் படித்துவிட்டுக் கோயிலில் தேங்காய் உடைத்தேன், பாசாரில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், மீன்காரச் சீனனிடம்கூடச் சொன்னேன். கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்ததையும் படித்தேன். பிரசவம் பார்க்கிற படிப்பையும் முடித்துவிட்டு அங்கேயே வேலைக்கு இருந்துவிடவா, இல்லை புறப்பட்டு வந்துவிடவா, ஆகஸ்டு முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும், நீ சொல்கிறபடி செய்கிறேன் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அம்மா சொல்கிறபடி என்பதைப் படித்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீ என்றைக்கு நான் சொன்னபடி செய்திருக்கிறாய்? போகாதே என்று கப்பலடி வரைக்கும் வந்து சொன்னேனே, கேட்டாயா? சரி, அது கிடக்கட்டும். பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் போன வாரம் இங்கே நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் உனக்கு என் மனசு விளங்காது, அதனால் பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய பித்தளைச் சாமான் பத்திரமாக வந்து சேர்ந்தது. கட்டைவிரல் பருமனுக்கு இருக்கிற இது என்ன செய்துவிடப் போகிறது என்று முதலில் அலட்சியமாகத்தான் எடுத்து வைத்தேன். பிறகு தண்ணீர்க் குழாய் பொருத்துகிற தியாகுவைக் கூப்பிட்டேன். அவன் வந்து ஒரு முனையைப் பைப்பிலும் மறு முனையை ரப்பர் குழாயிலும் முடுக்கி, நடுவில் தொங்குகிற சின்னக் குழாயை எரு கரைத்த வாளிக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்தான். வாளியில் இருந்தது தானாக ஏறிப் போய்த் தண்ணீரோடு கலந்து வந்ததைப் பார்த்து, அக்கா, ஒங்க மக சீமையிலேருந்து அட்டைப்பூச்சியில்ல அனுப்பியிருக்கு, எப்புடி உறிஞ்சுது பாருங்க என்று சிரித்தான். நீ எழுதியிருந்த சீமை உரம் இங்கே யாரிடமும் இல்லை. நான் வழக்கம்போலக் கடலைப் பிண்ணாக்கைத்தான் ஊற வைத்தேன். முதல் தடவை கட்டி கட்டியாகப் போய்ச் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டது, ஊதி ஊதி என் கன்னம்தான் வீங்கியது. இப்போது உன் அப்பாவின் பழைய வேட்டியை மடித்துப் போட்டு வடிகட்டுகிறேன். அவர் இருந்திருந்தால் வேட்டியில் பிண்ணாக்கா என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பார். போனவருக்கு வேட்டி எதற்கு என்று நினைக்கிறேன், ஆனாலும் அதைத் துண்டாகக் கிழிக்க மட்டும் கை வரவில்லை, முழு வேட்டியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். அடர்த்தியாக விடாதே, வேர் வெந்துபோகும் என்று எழுதியிருந்தாய். வெளிறிய தேத்தண்ணி நிறத்துக்கு மேல் போக விடுவதில்லை. மல்லிகை புதுத் தளிர் விட்டிருக்கிறது, மண்ணெண்ணெய் டின்னில் இருக்கிற ரோஜாக்கள் எல்லாம் மொட்டு வைத்திருக்கின்றன.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பூவாளியைத் தூக்கி ஒவ்வொரு செடியாக ஊற்றி முடிப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும், இடுப்பு விட்டுப்போகும், சாப்பிட்டதும் தூக்கம் வந்துவிடும். நீ அம்மா கஷ்டப்படக் கூடாது என்று அனுப்பினாய், இப்போது கஷ்டம் இல்லை. வெயில் தாழ்வதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் வெறும் தண்ணீரை விட்டுக்கொண்டு நனைந்த செடியையே திரும்ப நனைத்துக்கொண்டு நிற்கிறேன். அப்படி நிற்கும்போது உன்னிடம் வாய்விட்டுப் பேசுவேன். ஒரு நாள் வெற்றிலைக்காரர் வேலிக்கு வெளியே நின்று யாரிடம் பேசுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தனியாகத்தான் இருக்கிறேன் சந்திரா, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஊரில் என்னவோ கலகலப்பாகத்தான் இருக்கிறது. சுதந்திரம் வந்து வருஷம் நிறையப் போகிறது, பெண்டஹாரா ரோட்டுத் துணிக்கடைகளில் இப்போதே கொடித் துணி வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போகிறார்கள், நம் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு அதே ஊருக்குப் போகிறார்கள், கப்பல்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

இப்போது பக்கத்து வீட்டு நாகம்மா, நீ அத்தை முறை வைத்து பீபிக் என்று கூப்பிடுவாயே, அவள் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பழக்காலத்துப் பார்ச்சு. மலாய் பேசுகிற நம் ஊர்ச் சிட்டிக்காரர்கள் தங்கள் வீட்டில் இறந்துபோன பெரியவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்களே, சின்ன வயதில் நீ அவள் மகன் ராஜனோடு மங்குஸ்தானுக்கு அடித்துக்கொள்வாயே, அதுதான். இந்தத் தடவை வீட்டில் அவள் ஒருத்திதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற ராஜன் லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டான், மருமகளும் வரவில்லை. ஆனாலும் அவள் ஒன்றையும் குறைக்கவில்லை. விடியலில் எழுந்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, நண்டுக் குழம்பு, இறால் சம்பால், கோழி என்று வீடு நிறைய ஆட்கள் இருந்த காலத்தில் சமைத்த அதே அளவுக்குச் சமைத்திருந்தாள். நான் மல்லிகை பறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்த கையோடு, வடிகட்டி வைத்திருந்த வாளியில் சின்னக் குழாயை விட்டு, ரோஜாப் பக்கம் ரப்பர் குழாயைப் போட்டுவிட்டுப் பைப்பைத் திறந்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ரோட்டில் எங்கோ தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். வரும்போது வரட்டும் என்று பைப்பை மூடாமல், வாளியையும் எடுக்காமல் உள்ளே போய்விட்டேன். அங்கேதான் என் புத்தி மழுங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், இலைகளுக்கு முன்னால் பீபிக் தலைவிரி கோலமாக உட்கார்ந்து மலாயில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். படையலில் வைத்த கண்ணாடித் தம்ளர்களில் எல்லாம் பழுப்புத் தண்ணீர். சமையலறை இருட்டில் பித்தளைச் செம்பில் பிடித்து வந்திருக்கிறாள், சாம்பிராணிப் புகையில் நாற்றமும் தெரியவில்லை, தம்ளரில் ஊற்றிய பிறகுதான் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள், பேரன் வராத வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டோம் என்கிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு உள்ளே நுழைந்ததுமே அந்த வாடை தெரிந்துவிட்டது. நாள் கணக்கில் நான் கையை விட்டுக் கிளறிய பிண்ணாக்கு எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். வாளியில் சொட்டு இல்லை. ரோஜாவுக்கு அடியில் மண் காய்ந்து கிடக்கிறது. நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ரோட்டிலிருந்து ஒரே குழாய்தானே வருகிறது, அவள் வீடு பள்ளத்தில் வேறு இருக்கிறது. தியாகு பிறகு சொன்னான், மேல தண்ணி நின்னுச்சுன்னா கீழ உள்ள வீட்டுப் பைப்பு இழுக்கும்க்கா, நீங்க வாளிய வாய்க்கிட்ட வச்சுக் குடுத்தீங்க, அது குடிச்சிருச்சு என்று.

நான் திரும்ப அவள் வீட்டுக்குப் போவதற்குள் அவளே வாசலுக்கு வந்துவிட்டாள். முகம் கழுவி, கொண்டை போட்டு, நல்ல கெபாயா உடுத்தி, தோளில் துப்பட்டாவும் கையில் குடையுமாக நிற்கிறாள். எங்கே என்றேன். சிங்கப்பூருக்குத் தந்தி கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை தந்தி ஆபீசில் ஆள் இருப்பார்களா என்று கேட்டாள். பெரியவர்கள் கோபம், உடனே வா என்று கொடுத்தால் ராஜன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான், அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் பயம் என்றாள். அழுத கண் இன்னும் காயவில்லை, ஆனால் அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் எப்படிச் சொல்வேன்! மாதக்கணக்கில் நான் அப்படி அவளைப் பார்த்ததில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அவன் நாளைக்குப் பதறிக்கொண்டு ஓடி வருவான், என் பிண்ணாக்குக்காக ஒரு பிள்ளை பயந்து ரயிலேறுவதா என்று மனசு கேட்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். பைப்பு, வாளி, நீ அனுப்பிய சாமான் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முதலில் சிரித்தாள், பிண்ணாக்குத் தண்ணீரா, என் மாமியாருக்கு அது வேண்டியதுதான் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பியார்லா, போகட்டும் என்றாள். கோபம் என்றால் கூப்பிடலாம், கோபமே இல்லை என்றால் நான் எதைச் சொல்லி அவனைக் கூப்பிடுவேன் கமலா என்று கேட்டாள்.

நான் கோயில் கிணற்றில் போய் நல்ல தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். தம்ளர்களைக் கழுவி, ஊற்றி வைத்து, மறுபடியும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டாள். படையல் முடிந்தால் வீட்டு மனிதர்கள்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறு யாரும் இல்லாததால் என்னை உட்கார வைத்தாள். அத்தனை பேருக்கு ஆக்கிய சோற்றுக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர். நண்டை உடைத்து உடைத்து என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நானும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டேன்.

இப்போது உனக்குப் பதில் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து நானும் உன்னைக் கூப்பிடக் காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தேன். வலது முட்டி வீங்கியிருக்கிறது என்று எழுதலாம், கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று எழுதலாம், செங் ஊரிலிருந்து கலியாணசுந்தரம் குடும்பத்தார் உன்னைப் பெண் கேட்கிறார்கள் என்று எழுதலாம் என்றெல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன். மூன்றும் பொய் இல்லை. ஆனால் முட்டிக்குத் தைலம் இருக்கிறது, தகரத்துக்குத் தியாகு இருக்கிறான், கலியாணசுந்தரத்தின் மகனுக்கு உன்னை விட்டால் பெண் கிடைக்காமல் போகாது. இவற்றைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ வருவாய், எனக்குத் தெரியும். ஆனால் பயந்து வருகிற பிள்ளை வாசலில் நின்றே அம்மாவுக்கு என்ன என்று கேட்கும், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போகிற கப்பல் எப்போது என்று பார்க்கும். எனக்கு அது வேண்டாம். அதனால் நன்றாகக் கேட்டுக்கொள். இங்கே நீ வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலைமை எதுவும் இல்லை. எனக்கு நோய் இல்லை, வீட்டுக்குக் குறை இல்லை. அந்தப் படிப்பு உனக்குப் பிடித்திருந்தால் படி, வேலை பிடித்திருந்தால் இரு, நான் கோபிக்க மாட்டேன். ஆனால் நீ வந்தால் எனக்கு நன்றாக இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குள் உன் சத்தம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, நீ எதிர்த்துப் பேசி நான் திட்ட வேண்டும் என்று இருக்கிறது. அது ஒரு காரணம் ஆகாது, வெறும் ஆசைதான். ஆசையை ஆசை என்றே எழுதிவிட்டேன்.

குளிர் காலம் வருவதற்கு முன்னால் கம்பளிச் சட்டையை வெயில் கண்ட நாளில் காய வைத்து எடுத்து வை. நின்றுகொண்டே சாப்பிடாதே. அந்தச் சாமான் விற்கிற கடையில், தண்ணீர் பின்னால் ஓடாமல் தடுக்க ஏதாவது மூடி உண்டா என்று விசாரித்து எழுது, அதுவரை அதைக் கழற்றி வைத்திருக்கிறேன். நாகம்மா பீபிக் உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கை தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வரி எழுதிவிடு. வரவில்லை என்றால் அதற்குக் காரணம் எழுதாதே, அதை மட்டும் என்னால் படிக்க முடியாது.

நீயோ உன் கடிதமோ, எது முதலில் வந்தாலும் வாசலில் நிற்கும்,
அம்மா,
பொ. கமலவேணி