வால்சக்கரமும் இரண்டாவது வெட்டும்

அண்ணாச்சி,

நேற்று நம் விமானத்தைப் பார்த்தேன். பழைய குற்றாலம் போகிற பாதையில் புதிதாக ஒரு ரிசார்ட் திறந்திருக்கிறார்கள். சாப்பாட்டு ஹாலில் நாற்காலிகளுக்கு ரெக்சின் உறை மாற்ற வேண்டும், அளவெடுக்க வாங்க என்று கடைக்குப் போன் செய்தார்கள். டேப்பும் பையுமாகப் போய் ஆட்டோவை விட்டு இறங்கினால், வாசல் புல்தரையில் அது நிற்கிறது. வாலைத் தூக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

வால்சக்கரம் வைத்த விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை வானத்துக்குக் காட்டித்தான் நிற்கும். அதுதான் அதன் இருப்பு. இவர்கள் வாலுக்கு அடியில் ஓர் இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்து, வால்சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிட்டு, மூக்குக்குக் கீழே பழைய ஸ்கூட்டர் சக்கரம் ஒன்றை வெல்டிங் வைத்திருக்கிறார்கள். காற்றில் ஆடுகிறதாம், வாலில் அசைகிற எலிவேட்டர் பலகையை ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டார்கள். சீட்டில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட துணிக்கடைப் பொம்மை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் அந்தப் பொம்மையின் தோளில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள். எனக்கு எரிந்த எரிச்சலில் டேப்பும் பையும் எங்கே போனது என்றுகூடத் தெரியவில்லை.

மேனேஜர் தம்பி செங்கோட்டைப் பையன். மரியாதையாகத்தான் பேசினான். "மேடம், முன்னால தூக்கிக்கிட்டு, பின்னால குந்துன மாதிரி இருந்துச்சு. வாரவங்கல்லாம் ஒடைஞ்சு போச்சான்னு கேக்காங்க. அதான் நேராக்கிட்டோம்" என்றான். நேராக்கினார்களாம்! நீங்களும் நானும் அந்த வாலுக்காகப் போட்ட சண்டையை இவன் கண்டானா?

ஏர்ஃபோர்ஸில் ரிட்டயர்டாகி கீழப்பாவூருக்கு வந்த புதிதில், டிராக்டர் சீட்டுக்கு உறை தைக்கத்தான் தென்காசியில் என் குஷன் கடைக்கு வந்தீர்கள். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய துணியில் இதே மாதிரி நெருக்கமாகத் தைக்க வருமா என்று கேட்டீர்கள். எதுக்கு என்று கேட்டேன். றெக்கைக்கு என்றீர்கள். கோழிக்கா என்று கேட்டது நான்தான். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் மரச்சட்டங்களாக நின்ற அந்தக் கூட்டைக் காட்டிய பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. தைக்கிறேன், ஆனால் நானும் ஓட்டுவேன் என்று அன்றே சொன்னேன். சரி என்றீர்கள். என்ன நினைத்துச் சரி சொன்னீர்கள் என்பது பிறகல்லவா தெரிந்தது.

முதல் சண்டை வால்சக்கரத்துக்கு. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தள்ளுகிற தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தை வாங்கி வந்து, எந்தப் பக்கமும் தாராளமாகத் திரும்பும், கனமும் இல்லை என்று பெருமைப்பட்டீர்கள். எந்தப் பக்கமும் திரும்புகிற சக்கரம் யார் பேச்சைக் கேட்டுத் திரும்பும் என்று நான் கேட்டேன். மிஷினைப் பார்த்துத் தை என்றீர்கள். ஆனி மாதம், தெற்கு வடக்கான பாதையில் நீங்கள் ஓட்டிப் பார்த்தபோது, மேற்கே இருந்து சாரல் காற்று விலாவில் அடித்தது. விமானம் உங்களைக் கேட்காமல் மூக்கை மேற்கே திருப்பிக்கொண்டு பக்கத்து வெண்டைத் தோட்டத்துக்குள் போய் நின்றது. தோட்டக்காரர் வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அடுத்த வாரம் பெரிய சக்கரம் வந்தது. அதைக் காற்றுக்கு விடாமல், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் போட்டு, திசை திருப்பும் மிதியோடு இணைத்தீர்கள். "ஒரு வெண்டக்காய்க்கு இருக்க புத்தி எனக்கு இல்லட்டி" என்று நீங்களே சொன்னீர்கள். அந்தச் சக்கரம்தான் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது.

பெரிய சண்டை டிரிம்முக்கு. எலிவேட்டர் என்பது வாலில் மேலும் கீழும் அசைகிற பலகை, அதை ஆட்டுவது ஓட்டுகிறவர் கையில் உள்ள தடி. தடியைப் பிடிக்காமலே விமானத்தை மட்டமாக நிறுத்துகிற அமைப்புதான் டிரிம். அது சரியில்லை என்றால் அந்தத் தடியை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், தோள் கழன்று போகும். எலிவேட்டரின் விளிம்பில் ஒரு தகட்டை ஒட்டி, கையால் ஒரு தடவை வளைத்துவிட்டால் போதும் என்றீர்கள். லீவர், வயர், கொக்கி எல்லாம் வெட்டிக் கனம், கெட்டுப்போக இன்னொரு சாமான் என்றீர்கள். நியாயமாகத்தான் பட்டது, அந்தத் தகட்டை யார் எடைக்கு வளைப்பீர்கள் என்று கேட்கிற வரைக்கும்.

உங்கள் எடைக்கு. வேறு யார் எடைக்கு? உங்களுக்கு மூட்டை கணக்காய் உடம்பு. நான் உட்கார்ந்தால் பின்பாரம் குறைந்து மூக்கு கவிழும். உங்களுக்கு வளைத்த தகட்டை வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்ட வேண்டும். அதாவது நான் தைக்கலாம், ஓட்ட வேண்டியதில்லை. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தகட்டை வைத்துச் சொன்னீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். பாதி தைத்த றெக்கை அப்படியே கிடந்தது. ஊரில் வேறு ஆளா இல்லை என்று நீங்கள் தேடியதும், ஒருத்தரும் அந்தத் தையலுக்கு ஒத்துவராததும் என் காதுக்கு வராமல் இல்லை.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்தீர்கள். பைக் கிளட்ச் லீவரில் செய்த கைப்பிடி ஒன்றை என் மிஷின் மேல் வைத்தீர்கள். அதை நகர்த்தினால் வயர் இழுத்து, எலிவேட்டர் விளிம்பில் உள்ள தகடு ஏறி இறங்கும். யார் எடைக்கு எங்கே நிறுத்துவது என்பதைக் கண்டுபிடித்த கூத்தை நினைத்தால் இந்த ஆத்திரத்திலும் சிரிப்பு வருகிறது. முன்சக்கரங்களை இரண்டு தென்னையோடு கட்டி, மூக்கை ஆரியங்காவுக் கணவாய்க்கு நேரே நிறுத்தி, கணவாய் வழி வருகிற சாரல் காற்றில் எஞ்சினை ஓடவிட்டோம். சீட்டில் எனக்குப் பதிலாகப் பல்லாரி மூட்டை. வெங்காயத்தைக் கூட்டியும் குறைத்தும் என் எடைக்குக் கொண்டுவந்தீர்கள். இவ்வளவுதானாட்டி நீ என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தீர்கள். யாரும் தடியைத் தொடாமல் வால் தானாக எழும்பி மட்டமாக நின்ற இடத்தில், கைப்பிடி ஓடுகிற கம்பியில் ரம்பத்தால் ஒரு வெட்டு போட்டீர்கள். உங்களுக்கான வெட்டை அதற்கு முன்பே போட்டிருந்தீர்கள். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

"மேல இருக்கது எனக்கு, கீழ இருக்கது ஒனக்கு. மாத்திப் போட்டேன்னா மூக்கு மண்ணத் திங்கும், பாத்துக்க."

பறக்க அனுமதி வரும்வரை தரையை விட்டு எழுப்பக் கூடாது என்பதில் நீங்கள் கறார். அதனால் தரையில் மட்டும் ஓட்டினோம். ஆடி மாதச் சாயங்காலம், என் முறை. கைப்பிடியை என் வெட்டில் போட்டேன். பாதி தூரத்தில் வால் எழும்பியது. கண் முன்னால் அதுவரை மறைத்துக்கொண்டிருந்த மூக்கு இறங்கி, மலை முழுதும் தெரிந்தது. பயத்தில் நான் தடியை நெரித்துப் பிடித்திருந்தது எட்ட நின்ற உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ. நிறுத்தியதும் ஓடி வந்து சொன்னீர்கள். "ரெண்டு வெரல் போதும்ட்டி. மீதியை அது பாத்துக்கிடும். பாத்துக்கிடலன்னா நாம செஞ்சது தப்பு." அடுத்த ஓட்டத்தில் இரண்டு விரலால் பிடித்தேன். அது பார்த்துக்கொண்டது.

அனுமதி வரவில்லை. போன ஐப்பசியில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. பெங்களூரில் இருக்கிற உங்கள் மகன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கொட்டகையில் கிடந்ததை இந்த ரிசார்ட்டுக்குக் கொடுத்துவிட்டான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் பலகை வேறு. இந்த மண்ணின் மைந்தர் தனி ஒருவராகக் கட்டிய விமானமாம். தனி ஒருவர்! றெக்கையில் ஒவ்வொரு தையலும் என் கை. அதற்கு மேலேயே பெயின்ட்டில் ரிசார்ட் பேர் எழுதியிருக்கிறார்கள்.

அங்கேயே நின்று உங்கள் மகனுக்கு வீடியோ கால் போட்டேன். அவன் தன்மையான பையன். அதனால்தான் அவன் சொன்னது சுருக்கென்று குத்தியது.

"அத்தை, அப்பா கட்டினதுதான? நீங்க துணி தச்சுக் குடுத்து ஒதவுனீங்க. இல்லன்னு சொல்லலியே."

அந்தப் பொம்மையைத் தூக்கிப் புல்லில் போட்டேன். மேனேஜர் தம்பி மேடம் மேடம் என்று ஓடி வந்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்து, போனை அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் பிடித்தேன். எண்ணெய் காய்ந்து கறுத்துப் போயிருந்தாலும் இரண்டு வெட்டும் தெளிவாகத் தெரிந்தன. கைப்பிடி மேல் வெட்டில் நின்றது. டிரிம் என்றால் என்ன, ஆளுக்கு ஆள் ஏன் மாறும் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மேல் வெட்டு உங்க அப்பா எடைக்கு என்றேன்.

"ஒருத்தர் கட்டி ஒருத்தர் ஓட்டுத விமானத்துக்கு ஒரு வெட்டுதான வேணும்? இந்த ரெண்டாவது வெட்டு யாருக்குலே?"

கம்பியை இன்னும் கிட்டக் காட்டச் சொன்னான். பிறகு, அப்பா இதை எங்கிட்ட சொன்னதே இல்லை அத்தை என்றான். சொல்லியிருக்க வேண்டாமா அண்ணாச்சி? பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை, அவளும் ஓட்டுவாள் என்று? கம்பியில் வெட்டத் தெரிந்த உங்களுக்கு வாயில் வரவில்லையே. இந்தக் கோபம் உங்கள் மேல்தான். அந்தப் பையன் மேல் இல்லை.

மேனேஜரிடம் அவனே பேசினான். நான் கேட்டபடி வாலை இறக்கவும் பலகையை மாற்றவும் சொன்னான். மாற்றுவார்களோ, மழுப்புவார்களோ, தெரியாது. உறை தைக்க எப்படியும் இன்னும் சில நடை போக வேண்டும், பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வாலை நேற்றே இறக்கினார்கள். முட்டுக் கொடுத்த ஸ்டாண்டை உருவியதும், ஸ்கூட்டர் சக்கரம் அந்தரத்தில் போக, வால்சக்கரம் மண்ணைத் தொட்டது. மூக்கு நிமிர்ந்தது. ஒடைஞ்சு போச்சா என்று ஒருத்தர் கேட்டார். இல்ல, இப்பதான் சரியா நிக்குது என்று அந்தத் தம்பியே பதில் சொன்னான்.

நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. எலிவேட்டரில் இருந்த ஸ்குரூவை அவன் கழற்றும்வரை உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியை மேல் வெட்டிலிருந்து எடுத்துக் கீழ் வெட்டில் போட்டேன். அப்போது கணவாய்ப் பக்கமிருந்து சாரல் காற்று வந்தது. இத்தனை நாள் முடுக்கிவைத்திருந்த எலிவேட்டர் அசைந்தது. என் முழங்காலுக்கு நடுவில் தடியும் அசைந்தது.

நெரித்துப் பிடிக்கத்தான் கை போனது, அண்ணாச்சி. இரண்டு விரலால் பிடித்தேன்.