சிக்குப்படாத நூல்

1984 மே 29, செவ்வாய்

படுத்தும் தூக்கம் வரவில்லை. நாளையிலிருந்து நோன்பு லீவு. அதற்குள் பற்றீரியா என்ற நுண்ணுயிர் பற்றிய பாடத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இன்று வகுப்பில் எனக்கு. "பற்றீரியாவுக்குக் கரு இல்லை. அதன் டீஎன்ஏயோடு எந்தப் புரதமும் சேர்ந்திருப்பதில்லை. அது வெறும் நூல்" என்று உயர்தர வகுப்புக்குச் சொல்லி எழுதவைத்தேன்.

பரீனா எழும்பினாள். "டீச்சர், அவ்வளவு நீள நூல் அந்தச் சின்ன உடம்புக்குள்ள சிக்குப்படாம எப்பிடிக் கிடக்கும்? புடிச்சு மடிச்சு வைக்க ஒண்டுமே இல்லயா?"

இருக்கிறது. சின்னச் சின்னப் புரதங்கள் அந்த நூலைப் பற்றிப் பிடித்து, வளைத்து, மடித்து வைக்கின்றன என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தவள்தான் நான். ஆனால் சோதனையில் அப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது. விளக்கப் போனால் பாடமும் முடியாது. பிறகு சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"சோதினைக்கு வராததக் கேட்டு மத்தப் புள்ளயளையும் குழப்பாத. இரி" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் குனிந்து, 'வெறும் நூல்' என்று எழுதிக்கொண்டாள்.

மணி அடித்ததும், நோன்புக்கு முன் வழக்கம்போல, பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பரீனா கடைசியாக வந்தாள்.

"அந்தக் கேள்வி கேட்டதுக்கு மன்னிச்சுக்கங்க டீச்சர். இனி அப்பிடிக் கேக்கமாட்டன்."

"ஓம், மன்னிச்சிட்டன்" என்றேன் நான்.