சுவரைத் தள்ளியது யார்?

புத்தூர், திருச்சி.

அன்புள்ள தம்பி ஸ்டீபன்ராஜுக்கு,

அண்ணி லூர்துமேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் பிள்ளை ஆன்சியும் இருக்கிறோம், அவ்வளவுதான். போன் பண்ணினால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ரசூல் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது பாருங்கள்.

உங்கள் அண்ணன் கேஸுக்காகப் போன வாரம் கோர்ட்டுக்குப் போனோம். பேய் மழை, மனுஷரால் தடுக்க முடியாத விஷயம், சுவர் விழுந்ததற்குக் கல்யாண மண்டபத்துக்காரர் பொறுப்பில்லை என்றார் அவர் வக்கீல். கடவுள் செயல் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அதே மழைதானே எதிர்வீட்டுச் சுவர் மேலும் பெய்தது? அது நிற்கிறதே! மழை கடவுள் செயல் என்றே வைத்துக்கொள்வோம். சாய்ந்து நின்ற சுவரை இடித்துக் கட்டாமல் மேலே பெயின்ட் அடித்து விட்டது யார் செயல்? உங்கள் அண்ணன் போய்ச் சொன்னதற்கு, பாத்துக்கலாம் சார் என்றார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம், பால் வாங்கிக்கொண்டு வந்த மனுஷன் மேலேயே விழுந்தது.

அதோடு விட்டாரா அந்த வக்கீல்? அடக்கத்தன்று மண்டபத்துக்காரர் மாலையோடு வந்து அழுதபோது, நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாரு என்னங்க செய்ய முடியும், எல்லாம் ஆண்டவர் சித்தம், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க என்றீர்களாம். இறந்தவர் தம்பியே ஒப்புக்கொண்டாராம்! துக்கத்துக்கு வந்தவரிடம் மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கோபம் ஆறவில்லை தம்பி. அந்த ஆளைத் தேற்றினீர்கள், என்னைத் தேற்ற யார் இருக்கிறார்கள்?

நீங்கள் நேரில் வந்து, அது ஆறுதலுக்குச் சொன்னது என்று சொல்ல வேண்டுமாம், நம் வக்கீல் சொல்கிறார். அண்ணனோடு மண்டபத்துக்குப் போய்ச் சாய்ந்த சுவரைக் காட்டியதும் நீங்கள்தானே. அதையும் சொல்லுங்கள். லீவு இல்லை என்ற கதை மட்டும் வேண்டாம்.

ஆன்சிக்கு இந்த வருஷம் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்க வேண்டியவள். வீட்டில் விட ஆளில்லாமல் அவளையும் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனது வினையாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் ஜெபமாலையைக் கழற்றி வைத்துவிட்டாள். அப்பா மேல சாமிதான் சுவரைத் தள்ளிச்சு, சித்தப்பாவே சொல்லிட்டாரு, நான் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறாள். பங்குச் சாமியார் பேசிப் பார்த்தார். நான் அடித்தும் பார்த்துவிட்டேன், பாவி. அசையவில்லை.

ஜட்ஜ் எப்படி வேண்டுமானாலும் தீர்ப்பு எழுதட்டும். நீங்கள் கோர்ட்டுக்கு வரும் அன்று ஆன்சியைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார வைப்பேன். அவள் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்பவில்லை.

மாதா உங்களைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும். வாங்க தம்பி.

இப்படிக்கு,
அண்ணி லூர்துமேரி டோமினிக்