மூன்று பேர் பார்த்த உயரம்

மேலூர், ஸ்ரீரங்கம்,
18-2-1962

பினாங்கில் இருக்கும் பொன்னுத்தாயின் அப்பா அவர்களுக்கு, செல்லக்கிளி பணிவுடன் எழுதிக்கொண்டது. பணிவு இந்த ஒரு வரியோடு சரி, மீதியைப் பொறுத்துக்கொள்ளவும்.

இங்கே நானும் பொன்னுவும் உங்கள் அக்காவும் பசுமாடும் சுகம். மாடு எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். தை மாதம் கன்று போட்டது, கிடேரி. வாழைத் தோட்டத்தில் பூவன் நன்றாகத் தார் தள்ளியிருக்கிறது. மேற்கு வேலி சாய்ந்துவிட்டது. நான் ஒரு நாள் அதில் சாய்ந்துகொண்டு அடுத்த தோட்டத்துக்காரியிடம் பேசினேன், அதனால்தான் என்று உங்கள் அக்கா சொல்கிறார். இருக்கலாம். எனக்குக் கிளி என்று பெயர் வைத்தவர்கள் இப்போது வந்து தூக்கிப் பார்க்கட்டும்.

நீங்கள் அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தது. கடல் பாறைமேல், கோட்டும் கால்சட்டையுமாக, ஒரு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் மூவரையும் அதே மாதிரி கடலும் பாறையுமாகப் படம் எடுத்து, இரண்டையும் ஒட்டி ஒரே படமாக்கி அனுப்பச் சொன்னீர்கள். படம் நன்றாக அமைந்தால் அதை அறையில் மாட்டிக்கொண்டு, முதலாளி கேட்கிறபடி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன், சித்திரைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஏழு வருஷம் ஆயிற்று, இன்னும் மூன்றா என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதை எடுத்துக்கொடுப்பது என் கடமை என்று அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

ஒரு விஷயம். அந்தக் கால்சட்டை உங்களுடையது இல்லை. பாலக்கரை சாரா பீவியிடம் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே, இது எங்க வீட்டுக்காரரோடதுங்க, முட்டியில தையல் தெரியுது பாருங்க என்று சொல்லிவிட்டாள். அங்கே உங்களோடு இருக்கும் அவள் புருஷன் ஜெகபர் அலி அண்ணன்தான் படம் எடுத்தாராம், நீங்கள் அவர் கால்சட்டையில் நின்றீர்களாம். அப்படியென்றால் அந்த நேரம் அவர் எதை உடுத்திக்கொண்டு படம் எடுத்தார் என்று சாரா பீவி கேட்கச் சொன்னாள்.

திருச்சியில் பாறைக்குக் குறைவில்லை, கடலுக்குத்தான் எங்கே போவது? மலைக்கோட்டைக்குக் கீழே ஸ்டூடியோ வைத்திருக்கும் தைரியராஜிடம் போனேன். திரையில் கடல் எழுதி வைத்திருக்கிறேன், அதன் முன்னால் நில்லுங்கள் என்றார். அந்தக் கடலில் ஓர் அன்னப்பறவை நீந்துகிறது. வேண்டாம் என்றேன். அப்போதுதான் அவரே சொன்னார், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு யாத்திரை பஸ் கிளம்புகிறது, போகிறவர்களைக் கும்பலாகப் படம் எடுக்க அவரும் போகிறார் என்று. அந்தப் பஸ்ஸில் மூன்று சீட்டு வாங்கினேன். படம் கெட்டுப்போக வேண்டும் என்று உச்சிப்பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டாயா என்று நீங்கள் கேட்கக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன்.

பஸ் மணப்பாறை தாண்டுவதற்குள் உங்கள் அக்கா ஒரு டின் முறுக்கை முடித்தார். திண்டுக்கல் தாண்டுவதற்குள் அந்த முறுக்குக்காக வருத்தப்பட்டார். ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் என் மடியைத் தாண்டித்தான் வெளியே தலையை நீட்ட முடிந்தது. மேற்கொண்டு விவரிக்கவில்லை. கல்யாணப் புடவையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனது நான் செய்த புண்ணியம்.

கடலைப் பார்த்ததும் பொன்னு வாயைப் பிளந்தவள் மூடவே இல்லை. ஒன்பது வயதுப் பெண் காவிரியைத்தானே பார்த்திருக்கிறாள், இதுக்கு அக்கரை எங்கம்மா என்றாள். அக்கரையில உங்கப்பா இருக்கார் என்றேன். உடனே கையை ஆட்டினாள். பினாங்கு எந்தத் திசை என்று எனக்குத் தெரியாது, அந்தக் கையாட்டல் உங்களுக்கு வந்ததா கொழும்புக்காரனுக்குப் போனதா என்று சொல்வதற்கில்லை.

இனி தைரியராஜைப் பற்றி. பெயருக்கும் ஆளுக்கும் ஒட்டுறவில்லை. அலை இருபது முழம் தள்ளி வந்தாலே காமிராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்வாங்குகிறார். காமிராவுக்குக் கொண்டுவந்த பிளேட்டுகளைக் கும்பல் படத்துக்கே செலவு செய்துவிட்டு, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கிங்க, தப்பா நின்னா போச்சு என்று எங்களை மிரட்டினார். நானும் அக்காவும் பொன்னுவும் பாறைமேல் ஏறினோம். நான் ஏறியதைப் பற்றி யாத்திரைக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேர் இழுத்தார்கள், ஒருத்தி தள்ளினாள்.

பக்கத்தில் உங்களுக்கு இடம் விட வேண்டும், நீங்கள் ஒரு பக்கம் பார்த்துச் சிரிப்பதால் நாங்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டினால் பொருந்தும் என்றார் தைரியராஜ். பிறகு கருப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, உங்க வீட்டுக்காரர் என்ன உயரங்க என்று கேட்டார். உங்கள் படம் முழங்காலோடு நின்றுவிட்டது, பக்கத்தில் அளந்து பார்க்க ஆளும் இல்லை.

எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. சிரிக்காதீர்கள். நம் கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை. மாலை மாற்றும்போது குனிந்த தலையை நான் நிமிர்த்தவில்லை. அதற்குப் பிறகு யாராவது புருஷனை அளந்து பார்ப்பார்களா? என்னைவிட ஒரு சாண் உயரம் என்று ஒரு மதிப்பாகச் சொன்னேன். உங்கள் அக்கா பாய்ந்துவிட்டார். ஒரு சாணா, என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா, உன் காதுக்குத்தான் வருவான் என்றார். அவன் உட்கார்ந்தால்தான் என் காதுக்கு வருவான் அண்ணி, நின்றால் ஒரு சாண் உயரம் என்றேன். கோபத்தில் அவன் என்று வந்துவிட்டது, மன்னிக்கவும். பொன்னு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அப்பா ரொம்ப உசரம், நம்ம வாசல் நிலை இடிக்கும் என்றாள். நீங்கள் கப்பலேறும்போது அவளுக்கு இரண்டு வயது. அவள் உங்களைக் கீழேயிருந்து பார்த்தவள்.

கீழே நின்ற பஸ் கும்பலும் சேர்ந்துகொண்டது. உங்களைக் கண்ணால் பார்த்திராத கிளீனர்கூட ஓர் உயரம் சொன்னான். கடைசியில் தைரியராஜ் தன் குடையை எடுத்து, பக்கத்தில் உயரமாக இருந்த பாறையின் இடுக்கில் குத்தி நிறுத்தினார். குடையின் வளைந்த பிடி இருக்கிற இடம்தான் உங்கள் முகம், மூவரும் அதையே பாருங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். ஏழு வருஷம் கழித்து உங்களைப் பார்த்ததில் எல்லோருக்கும் ஒரே குஷி. ஒருத்தி குடையிடம் போய், மலேயாவிலிருந்து எப்ப வந்தீங்க, ஏன் இப்படி இளைச்சுட்டீங்க என்று விசாரித்தாள். அக்கா குடைக்கு நெற்றியில் விபூதி வைத்தார்.

தைரியராஜ் துணிக்குள் புகுந்தார், பார்த்தார், வெளியே வந்தார், பிளேட்டைச் செருகினார். அந்த நேரம் ஒரு பெரிய அலை வந்தது. எங்களை இடுப்புவரை நனைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. உங்கள் அக்கா, ஐயோ தம்பியைப் பிடிங்க என்று கத்தினார். கும்பல் விழுந்து விழுந்து சிரித்தது. தைரியராஜுக்குக் குடை போன துக்கம் ஒரு பக்கம், அடுத்த அலை வருகிற பயம் ஒரு பக்கம். குடை இருந்த இடத்தைப் பாருங்க, அவர் அங்கதான் நிக்கிறார், சிரிங்க என்று கூவிக்கொண்டே எடுத்துவிட்டு, காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

போன வாரம் ஸ்டூடியோவுக்குப் படம் வாங்கப் போனேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். படம் என்னவோ அருமையாக விழுந்திருக்கிறது. பாறை, நுரை, நனைந்த புடவை எல்லாம் தெளிவு. நான் சிரிக்கிற சிரிப்பில் முகம் இரண்டு பங்கு அகலமாகிவிட்டது, அது என் குற்றமில்லை. ஆனால் குடை போனபிறகு ஆளுக்கொரு இடத்தைப் பார்த்திருக்கிறோம். பொன்னு அண்ணாந்து, தென்னைமரத்துக் குருத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். உங்கள் அக்கா கீழே, தன் இடுப்புக்கு நேராகப் பார்த்துச் சிரிக்கிறார், உங்களைத் தூக்கிவைத்திருந்த இடுப்புதானே. நான் நேராகத்தான் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். படத்தில் என் பார்வை உங்கள் தோள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஏன் அங்கே போயிற்று என்று எழுத மாட்டேன், இந்தக் கடிதத்தைப் பொன்னு வாசித்துத் திருத்துவாள்.

எங்கே ஒட்டினாலும் ஒருத்தர்தான் உங்களைப் பார்க்கிறார், மற்ற இரண்டு பேரும் காற்றைப் பார்க்கிறார்கள், மூன்று பேருக்கும் பொருந்த வேண்டுமென்றால் உங்க வீட்டுக்காரர்ல மூணு பேரை ஒட்டணுங்க என்கிறார் தைரியராஜ். ஒரு புருஷனை வைத்துக்கொண்டே இந்தப் பாடு, மூன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடி கன்னியாகுமரி போய் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகையால் ஒட்டாத படத்தையே இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்டபடி அமையவில்லை. இதை அறையில் மாட்டினால் மூன்று வருஷம் தள்ளுமா தள்ளாதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதலாளிக்குப் பதில் சொல்லும் முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

படம் வந்த நாளிலிருந்து வீட்டில் தினமும் சண்டை. யார் பார்த்த உயரம் சரி என்று பொன்னு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்பாவுக்கு எழுதிக் கேட்டுவிடலாம் என்றேன். அடி, அங்குலம் எழுதி அனுப்பினால் ஒப்புக்கொள்ள மாட்டாளாம். வாசல் நிலைக்கு அடியில் நேராக நின்று காட்ட வேண்டுமாம். கரிக்கட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், கோடு போட.

அரங்கனும் ஆயிரங்கண்ணாளும் உங்களைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஜெகபர் அலி அண்ணனின் கால்சட்டையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
செல்லக்கிளி